பூனையும் தவசியும்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின் முன்னால் நின்று வழிகாட்டிகள் இன்னும் ஒரு வழக்கை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் தூக்கி, விலா எலும்பு தெரிய வற்றிப்போயிருக்கும் அந்தத் தவசி அர்ஜுனனா, பகீரதனா? தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் இந்த அத்தியாயத்துக்கு நட்டமில்லை. நமக்கு வேண்டிய ஆசாமி பாறையின் நடுப்பிளவுக்கு அந்தப் பக்கம், பெரிய யானையின் காலடியில் இருக்கிறது. ஒரு பூனை. அதுவும் பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பியின் குறும்பு.

வீட்டுப் பூனையும் இப்படி எழுந்து நிற்கும், மேடைமேல் மீன் இருந்தால். சில நொடிகளில் இறங்கிவிடும். தவசியோ கதைப்படி ஆண்டுக்கணக்கில் நிற்கிறான். கதையை விடுங்கள், நியாயவிலைக் கடை வரிசையில் நாமே ஒரு மணி நேரம் நிற்கிறோம். வித்தியாசம் கால்களில் மட்டும் இல்லை. கீழ்முதுகில் இருக்கிறது. பூனையின் முதுகு நான்கு கால்களுக்கு நடுவே எடையைத் தாங்கப் பழகியது. அது எழுந்து நின்றால் உடலின் எடை பின்னங்கால்களுக்கு முன்னால் விழுகிறது. இடுப்பும் முழங்காலும் மடங்கியே இருக்க, முதுகுத் தசைகள் விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மனிதனுக்குக் கீழ்முதுகு உள்நோக்கி வளைந்திருப்பதால் தலை, மார்பு, வயிறு ஆகியவற்றின் எடை இடுப்பு மூட்டுகளுக்கு நேர்மேலே வந்து அமர்கிறது. அப்படி அமர்ந்தபின் நிற்பதற்குத் தசைகள் செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு.

ஆக, நேராக நிற்கிற மனிதனின் முதுகெலும்பு நேராக இருப்பதில்லை. பக்கவாட்டில் பார்த்தால் கழுத்தில் உள்ளே, மார்புக்குப் பின்னால் வெளியே, இடுப்பில் மறுபடி உள்ளே, அதற்குக் கீழே மறுபடி வெளியே என்று நான்கு வளைவுகள். பிறந்த குழந்தைக்கு இவை நான்கும் கிடையாது. கருப்பையில் சுருண்டு கிடந்த ஒரே வளைவுதான். மூன்று, நான்கு மாதத்தில் தலை நிற்கத் தொடங்கும்போது கழுத்து வளைவு உருவாகிறது. உட்கார்ந்து, பிடித்து நின்று, ஒரு வயதையொட்டி நடக்கும்போது இடுப்பு வளைவு தெளிவாகிறது. கடைசி இடுப்பு முள்ளெலும்பும் அதன் கீழே உள்ள வட்டும் (டிஸ்க்) முன்பக்கம் உயரமாகவும் பின்பக்கம் தாழ்வாகவும் இருப்பது இந்த வளைவுக்காகவே.

இனி முள்ளெலும்புகளின் எண்ணிக்கை. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. இந்த 24-உம் அசைபவை. கீழே இடுப்புக்கூட்டோடு சேர்ந்து ஒன்றாகிப்போன 5, அதற்கும் கீழே வால் எலும்பாகச் சுருங்கிய 4. மொத்தம் 33. வால் எலும்பு சிலருக்கு மூன்று துண்டு, சிலருக்கு ஐந்து. கருவில் நான்காவது வாரத்தை ஒட்டி நம் எல்லோருக்கும் வால் இருந்தது. எட்டாவது வாரத்துக்குள் அது மறைந்துவிடுகிறது. கழுத்து எலும்பு ஏழு என்பது பாலூட்டிகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொது. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான், எலிக்கும் ஏழுதான். எண்ணிக்கையைக் கூட்டாமல் ஒவ்வோர் எலும்பையும் நீட்டியே ஒட்டகச்சிவிங்கி அந்தக் கழுத்தைப் பெற்றது.

ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்பக்கமும் ஒரு வளையம் உண்டு. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதில் உண்டான குழாய்க்குள் தண்டுவடம் இறங்குகிறது. அது குழாயின் அடிவரை போவதில்லை. பெரியவர்களுக்கு முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு இழைகள் மட்டும் திரவத்தில் மிதக்கின்றன. சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி, தண்டுவடம் முடிந்த பிறகான அந்த இடத்தில்தான் இறங்குகிறது. "அன்னிக்கு முதுகுல போட்ட ஊசிதான், இன்னிவரைக்கும் வலிக்குது" என்று சொல்லாத தெரு தமிழ்நாட்டில் இல்லை. ஊசி குத்திய இடம் சில நாள் வலிப்பது உண்மை. ஆண்டுக்கணக்கான முதுகுவலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பகாலத்தில் முன்னோக்கி நகர்ந்த உடல் எடை, தளர்ந்த தசைநார்கள், பிறகு இடுப்பில் குழந்தை, கையில் குடம், தூக்கமில்லாத இரவுகள் என்று காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. வீட்டில் எவரும் அவற்றை விசாரிப்பதில்லை. ஊசிமேல் பழியைப் போடுவது சுலபம்.

*

முதுகெலும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அசையாது. எங்கே எப்படி அசையலாம் என்பதை முடிவுசெய்பவை வளையங்களின் பின்பக்கத்தில் இருக்கும் சிறு மூட்டுகள். அவற்றின் முகம் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறதோ அந்தத் திசையில்தான் அனுமதி. இதைப் புத்தகப் படத்தைவிட மாமல்லபுரத்துக் குகைகளில் நன்றாகப் பார்க்கலாம் என்பது என் கட்சி.

மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குப் போங்கள். சிங்கத்தின்மேல் அமர்ந்த துர்க்கை வில்லை இழுத்துக்கொண்டிருக்கிறாள். எருமைத் தலையன் மகிஷன் கதாயுதத்தோடு பின்வாங்கிச் சாய்கிறான். வில்லை இழுக்கத் தோள்கள் திரும்ப வேண்டும். இடுப்பைத் திருப்புகிறோம் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இடுப்பின் சிறு மூட்டுகள் நெடுக்காக எதிரெதிரே நிற்பதால் அவை திரும்புவதைத் தடுக்கின்றன. ஒரு முள்ளெலும்பு அடுத்ததன்மேல் ஒன்றிரண்டு பாகைதான் திரும்ப முடியும். ஐந்தையும் சேர்த்தாலும் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பாகையைத் தாண்டுவது அரிது. திருப்பத்தின் பெரும்பங்கு மார்புப் பகுதியில், ஏறக்குறைய முப்பது பாகைக்கு மேல். நாற்காலியில் முழங்கால்களை அசைக்காமல் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு திரும்பிப் பாருங்கள். தொப்புள் அதிகம் நகராது, தோள்தான் போகும்.

மகிஷனின் சாய்வு வேறு வகை. பின்னோக்கி வளைவது இடுப்புக்கும் கழுத்துக்கும் எளிது. மார்பில் விலா எலும்புக்கூடும், ஓட்டு வரிசையாக ஒன்றின்மேல் ஒன்று சரிந்த முட்களும் தடுக்கின்றன. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி இதே மாமல்லபுரத்தில் நடந்தது. பலகையில் குப்புறப் படுத்துத் தலையை நிமிர்த்தி அலைக்காகத் துழாவும் அந்தப் பிள்ளைகளின் இடுப்பும் கழுத்தும் மணிக்கணக்கில் பின்வளைவில் இருக்கின்றன. பின்வளைவோடு திருப்பமும் பக்கச் சாய்வும் ஒரே நேரத்தில் சேர்ந்து, திரும்பத் திரும்ப நடந்தால் சிறு மூட்டுகளுக்கு நடுவேயுள்ள மெல்லிய எலும்புப் பாலத்தில் நுண்முறிவு ஏற்படலாம். வேகப்பந்து வீச்சாளர்களின் தொழில் நோய் அது. பும்ரா 2022 டி20 உலகக் கோப்பையில் ஆடாமல் போனதற்குக் காரணமும் முதுகெலும்பில் ஏற்பட்ட இந்த மாதிரி அழுத்தக் காயம்தான்.

குனிவதைப் பார்க்கக் கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையைத் தாங்கும் கண்ணனுக்கு அருகே ஒருவன் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறான்; பசு கன்றை நக்குகிறது. அவன் குந்தியிருக்கும்போது இடுப்பின் உள்வளைவு மறைந்து முதுகு முழுவதும் வெளிநோக்கி வளைகிறது. நிமிர்ந்த நிலையிலிருந்து முழுதாகக் குனிய இடுப்பு முள்ளெலும்புகள் சேர்ந்து ஐம்பது, அறுபது பாகை தருகின்றன. மீதியைத் தொடை மூட்டுகள் தருகின்றன. தொடையின் பின்தசை இறுகியவர்கள் மூட்டில் மடங்க முடியாமல் முதுகிடம் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஐந்து ரத சாலைப் பட்டறைகளில் தரையில் குந்தி உளி அடிக்கும் சிற்பிகளும், பால் கறப்பவனும், வயலில் நாற்று நடும் பெண்களும் மடங்குகிற இடம் ஒன்றே. எவ்வளவு நேரம் எழாமல் மடங்குகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

கழுத்து தனி இராஜ்யம். மேலிருக்கும் முதல் எலும்பு வெறும் வளையம். மண்டையோடு அதன்மேல் அமர்ந்து "ஆமாம்" என்று ஆடுகிறது. இரண்டாம் எலும்பிலிருந்து ஒரு முளை மேலே எழுந்து அந்த வளையத்துக்குள் நிற்க, வளையம் அதைச் சுற்றித் திரும்பி "இல்லை" என்கிறது. கழுத்துத் திரும்புதலில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது.

*

இந்தக் கடற்கரை முதுகெலும்புகளின் கண்காட்சியும்கூட. கோவளத்தில் வலையிலிருந்து கொட்டும் மீன் துள்ளும்போது பாருங்கள்: உடல் பக்கவாட்டில் அடிக்கிறது. 1976-இல் தொடங்கிய வடநெம்மேலி முதலைப் பண்ணையில் முதலையின் வாலும் பக்கவாட்டில்தான் வீசும். அதே கடலில் குதிக்கும் ஓங்கில் (டால்பின்) மேலும் கீழுமாக அசைகிறது. அதன் வால் துடுப்பு கிடையாக விரிந்திருக்கிறது. மீனைப் போன்ற உருவம் கிடைத்தும் முதுகை அசைக்கும் முறையை ஓங்கிலால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. நிலத்தில் ஓடிய பாலூட்டிகளின் வாரிசு அது. ஓடும் சிறுத்தையின் முதுகு குனிந்து நிமிர்வதும் இதே அசைவுதான். நாமும் அந்த வம்சம். பக்கவாட்டில் வளைவதைவிடக் குனிவதும் நிமிர்வதும் நமக்கு எளிதாக இருப்பதன் பழைய காரணம் இதுவே.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமை எதிர்த் துருவம். அதன் நடுவுடல் முள்ளெலும்புகளும் விலாக்களும் முதுகோட்டோடு ஒன்றாக இணைந்துவிட்டன. கழுத்தும் வாலும் தவிர வேறெங்கும் முதுகு அசையாது. பாதுகாப்பு முழுமையானது, அசைவு பூச்சியம்.

பாம்பு? 200 முதல் 400 வரை முள்ளெலும்புகள். வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தருகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அவர்கள் பிடிக்கும் நல்ல பாம்பின் படம் என்பது நீண்ட கழுத்து விலாக்கள் விரிவதால் உண்டாவது. பாம்பின் முள்ளெலும்புகளுக்கிடையே நம்மிடம் இல்லாத கூடுதல் மூட்டுகள் உண்டு. அவை உடல் முறுக்கிக்கொள்ளாமல் காக்கின்றன. பெரும்பாறையின் பிளவில் கைகூப்பி எழும் நாகர்களுக்குச் சிற்பி மனித உடலையும் பாம்பு உடலையும் இடுப்பருகே ஒட்டவைத்தான். அந்த இடத்தில் மட்டும் உடற்கூறியல் அவனோடு ஒத்துப்போகாது. ஆனால் அழகாக ஒட்டியிருக்கிறான்.

*

முள்ளெலும்புகளுக்கிடையே இருக்கும் வட்டுகளை ஊரில் எல்லோரும் டிஸ்க் என்றே சொல்கிறார்கள், நாமும் சொல்லலாம். மொத்தம் 23. முதல் இரண்டு கழுத்து எலும்புகளுக்கிடையே டிஸ்க் கிடையாது. முதுகெலும்பின் நீளத்தில் கால் பங்கு இவைதான். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வெட்டித் தரும் நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே நீர் கட்டிய கூழ், சுற்றிலும் நார். இளசில் நீர் ததும்பும்; முற்றினால் இறுகும். இளவயது டிஸ்க்கின் நடுக்கூழில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நீர். வயதேற ஏறக் குறையும். சுற்றியுள்ள நார் பதினைந்து முதல் இருபத்தைந்து அடுக்கு. ஓர் அடுக்கின் இழைகள் இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்ததன் இழைகள் வலப்பக்கம் சாயும். அதனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாதி இழைகள் விறைத்துப் பிடிக்கின்றன.

டிஸ்க்கின் உள்ளே இரத்தக் குழாய் இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டின் வழியே கசிந்து வருவதுதான் அதற்கு உணவு. இந்தக் கசிவு எவ்வளவு மெதுவானது என்பதைக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை நிபுணர் எஸ். ராஜசேகரனும் அவரது குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். இரத்தக் குழாயில் ஒரு நிறமூட்டும் மருந்தை ஏற்றி, பல மணி நேரம் அடுத்தடுத்து எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். எலும்புக்குள் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டிய மருந்து, டிஸ்க்கின் நடுவில் உச்சம் தொட ஆறு மணி நேரம் ஆனது. நடுவில் வாழும் செல்களுக்கு அவ்வளவு தாமதமாகத்தான் சோறு போகிறது.

பகலில் எடை அழுத்த, டிஸ்க்கிலிருந்து நீர் வெளியேறுகிறது. இரவு படுத்தால் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் இருக்கும் உயரத்தைவிட மாலையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருப்போம். எடையற்ற விண்வெளியில் இந்த அழுத்தம் இல்லாததால் விண்வெளி வீரர்கள் ஐந்து சென்டிமீட்டர்வரை வளர்கிறார்கள், திரும்பி வந்ததும் குறைகிறார்கள்.

எந்த நிலையில் டிஸ்க்குக்கு எவ்வளவு அழுத்தம்? 1960-களில் சுவீடன் மருத்துவர் நாச்செம்சன் ஊசி வழியே அளந்து, நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்றார். அலுவலகச் சுவர்களில் தொங்கும் "நேராக உட்காருங்கள்" படங்களின் பூர்வீகம் அங்கே இருக்கிறது. 1999-இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் வில்கேயும் சகாக்களும் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்கில் உணரியைப் பொருத்தி நாள் முழுவதும் அளந்தார்கள். படுக்கையில் 0.1 மெகாபாஸ்கல். நிற்கையில் 0.5. சாயாமல் இயல்பாக உட்கார்ந்தால் 0.46. நாற்காலியில் சரிந்து சாய்ந்தால் 0.27 மட்டுமே. இருபது கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. ஒரே ஓர் ஆளிடம் அளந்தது என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும், சரிந்து உட்கார்ந்தால் டிஸ்க் நசுங்கிவிடும் என்ற பயத்துக்கு இதில் இடமில்லை. பயப்பட வேண்டியது தூக்கும் விதத்துக்கு, அதைவிடத் தூக்கும் எடைக்கு.

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்த 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டில் பதினொரு சுற்றுகள். சில ஆட்டங்கள் ஐந்து மணி நேரத்தையும் தொடும். பெரிய ஆட்டக்காரர்கள் எவரும் அவ்வளவு நேரமும் விறைப்பாக உட்கார்வதில்லை. மேசைமேல் கவிழ்கிறார்கள், பின்னால் சாய்கிறார்கள், காயை நகர்த்திவிட்டு எழுந்து நடக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் டிஸ்க்குக்கு வேண்டியதை உடல் செய்துகொள்கிறது. சரியான நிலை என்று ஒன்று இருந்தால், அது அடுத்து மாறப்போகும் நிலைதான். பள்ளிப் பிள்ளையின் முதுகில் தட்டி "நிமிர்ந்து உட்கார்" என்பதற்குப் பதில், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லலாம்.

*

அசைய விடுவதா, அசையாமல் கிடத்துவதா என்ற இந்தக் கேள்வி முதுகெலும்புக் காசநோயாளிகளுக்கு ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. அதற்குப் பதில் தேடியதில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த நோயை 1779-இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் விவரித்தார். கிருமி முள்ளெலும்பின் முன்பாகத்தைத் தின்கிறது; முன்பக்கம் சரிய, பின்பக்கம் கூனாகப் புடைக்கிறது; சீழும் எலும்புத் துண்டும் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் விழுந்துவிடும். மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்று, நல்ல உணவு, படுக்கை இவைதான் வழி. டேவிட் சவ்ரி முத்து 1928-இல் தாம்பரத்தில் காசநோய்ச் சானடோரியத்தைத் தொடங்கிய காலம் அது. முதுகில் நோய் வந்தவர்களை மாவுக்கட்டுப் படுக்கையில் மாதக்கணக்கில் அசையாமல் கிடத்துவதே அன்றைய உலக வழக்கம்.

மருந்து வந்த பிறகும் படுக்கை வேண்டுமா, அறுவை வேண்டுமா என்று சர்ச்சை தீரவில்லை. 1970-களில் சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையம் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து சென்னையில் ஒரு சோதனையைத் தொடங்கியது. ஒரு பிரிவினருக்கு நோயுற்ற எலும்பை அகற்றும் பெரிய அறுவையும் மருந்தும். மற்றவர்களுக்கு ஆறு மாதமோ ஒன்பது மாதமோ மாத்திரை மட்டும், படுக்கையில்லை, நடமாடலாம். பத்தாண்டு தொடர்ந்து பார்த்த முடிவு 1999-இல் வந்தது. எல்லாப் பிரிவிலும் பத்துக்கு ஒன்பது பேராவது தேறியிருந்தார்கள். குணமாவதில் நடமாடியவர்கள் பின்தங்கவில்லை.

குழந்தைகளின் கதை மட்டும் இவ்வளவு சுலபமில்லை. மருத்துவர் சண்முகசுந்தரமும் முன்பு பார்த்த ராஜசேகரனும் கூனின் இறுதிக் கோணத்தை முன்கூட்டியே கணிக்கும் முறையை 1987-இல் வெளியிட்டார்கள். பின்னர் பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், நோய் குணமான பிறகும் வளரும் வயதில் சில குழந்தைகளுக்குக் கூன் தானே குறைந்தது, சிலருக்கு அதிகரித்துக்கொண்டே போனது. யாருக்கு அதிகரிக்கும் என்பதை எக்ஸ்ரேயில் முன்பே அறியும் குறிகளை ராஜசேகரன் வகுத்தார். உலகெங்கும் பாடநூல்களில் அவை இருக்கின்றன. கிருமி செத்துவிட்டது என்று குழந்தையை அனுப்பிவிடக் கூடாது, வளர்ந்து முடியும்வரை பார்க்க வேண்டும்.

மிகப் பெரும்பாலோருக்கு வருவது காசநோய் இல்லாத சாதாரண முதுகுவலிதான். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2020-இல் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி. இவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு, இந்த எலும்பு, இந்த டிஸ்க் என்று காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். வலியே இல்லாதவர்களின் படங்களை 2015-இல் திரட்டிப் பார்த்தார்கள்: இருபது வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதினரில் 96 பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. அறிக்கையில் "தேய்மானம்", "பிதுக்கம்" என்று பார்த்ததும் வேலையை விட்டுப் படுக்கையில் விழுந்தவர்கள் அந்தத் தாளை ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டி, வலியும் படமும் பொருந்துகின்றனவா என்று கேட்க வேண்டும். பிதுங்கிய டிஸ்க்கில் பல தானே சுருங்கியும் விடுகின்றன.

சில வலிகளுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் படுத்தாலும் அடங்காத வலி இருந்தால் காசநோயை நினைக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமலோ வராமலோ போவது, கால்கள் பலமிழப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கலாம். எண்ணெய் தேய்த்துப் பார்க்காதீர்கள், எலும்பு வைத்தியரிடம் முறுக்கிக்கொள்ளாதீர்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த மணி நேரத்திலேயே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.